இரத்தக் காட்டேரியும் ஆய்வுகூடமும்: ஓர் ஒலிநாடகம் பற்றிய நோக்கு

வெகுசனக் கலைவடிவங்களை நோக்கும்போது எம்மிடையே இரு மனப்பாங்குகள் காணப்படுகின்றன. அவற்றை நச்சிலக்கியம் எனக் கூறி ஆய்வுக்கு அப்பால் தள்ளிவிடுவது ஒன்று. பெருந்தொகையான மக்களைச் சென்றடைகின்றன என்பதனாலேயே அவற்றில் மக்கள் குரல் ஒலிக்கின்றது என்று கொள்வது மற்றொன்று. இவ்விரண்டும் படைப்பினை அணுகாமலே முடிவுக்கு வந்துவிடுவனவாகும். ஒரு படைப்பு தன் காலத்தின் எந்த அச்சத்தை வெளிப்படுத்துகின்றது, அவ்வச்சத்திற்குக் காரணமாக யாரை இனங்காட்டுகின்றது, யாரைக் காட்டாது விடுகின்றது என்னும் வினாக்களை எழுப்பும்போதே ஆய்வு தொடங்குகின்றது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரித்தானியாவில் இறுவட்டாக வெளிவந்த 'புறொஜெக்ற் ருவைலைற்' என்னும் ஒலிநாடகமாகும். தமிழில் இதனை 'அந்தித் திட்டம்' எனலாம். கவன் ஸ்கொட், மார்க் றைற் ஆகிய இருவர் எழுதிய இந்நாடகம் 'டொக்டர் ஹூ' என்னும் நெடுந்தொடரைச் சார்ந்தது. விஞ்ஞான அறிவும் நகைச்சுவையும் கொண்ட ஒருவர் எங்கு சென்றாலும் இருளை அகற்றிவிடுவார் என்னும் நம்பிக்கையே அத்தொடரின் உயிர்நிலை. இந்நாடகத்திலோ இருளின் பிறப்பிடம் விஞ்ஞான ஆய்வுகூடமாக அமைகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதன் சமூகப் பொருள் யாது என்பவற்றை விளக்குவதே எமது நோக்கமாகும்.

தொடரும் அதன் இயல்பும்

'டொக்டர் ஹூ' 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிற்று. சனிக்கிழமை மாலையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து பார்ப்பதற்கென அமைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. வேற்றுக் கிரகத்தவரான டொக்டர், பொலிசாரின் பழைய தொலைபேசிக் கூண்டின் உருவிலமைந்த கலமொன்றில் காலத்தையும் வெளியையும் கடந்து செல்கின்றார். ஆயுதம் ஏந்துவதை விரும்பாதவர். கொடுமையாளரை வாதத்தாலும் அறிவாலும் வெல்பவர். அவர் உருமாறக்கூடியவர் என்னும் கற்பனை, நடிகர்கள் மாறினும் தொடர் நிலைப்பதற்கு வழிசெய்தது.

இத்தொடரில் அச்சமூட்டும் கதைகள் இல்லாமலில்லை. ஆயின் அச்சத்திற்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. 1976ஆம் ஆண்டு டொக்டரின் தலை நீருக்குள் அமிழ்த்தப்படும் காட்சியோடு ஓர் அங்கம் முடிந்தபோது, தொலைக்காட்சி ஒழுக்கக் கண்காணிப்பில் முன்னின்ற மேரி வைற்ஹவுஸ் அம்மையார் அதனைக் கண்டித்தார், பி.பி.சி. நிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. குடும்பம் கூடியிருக்கும் வேளை என்பதே அவ்வெல்லையை விதித்தது.

1989இல் தொலைக்காட்சித் தொடர் நின்றுபோயிற்று. 1996இல் வெளிவந்த ஒரு தொலைக்காட்சிப் படம் தவிர, 2005 வரை அது மீளவில்லை. இவ்விடைக்காலத்திலேதான் பிக் பினிஷ் என்னும் நிறுவனம் பி.பி.சி.யின் உரிமம் பெற்று, பழைய நடிகர்களைக் கொண்டே 1999 முதல் ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியது. இவற்றைக் கேட்டவர்களுட் பெரும்பாலோர் சிறுவயதில் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களாதலின், சனிக்கிழமை மாலையின் எல்லை இங்கு தளர்ந்தது. எனினும் களிப்பான தொனி முற்றாக மறையவில்லை. 2001ஆம் ஆண்டு டிசெம்பரில் இதே வரிசையில் வெளிவந்த 'தி வன் டொக்டர்' தொடரையே எள்ளி நகையாடும் நாடகமாகும். அத்தகைய நாடகங்களின் நடுவிலே 'அந்தித் திட்டம்' வெளிவந்தது.

இந்நாடகத்தில் டொக்டராக நடித்தவர் கொலின் பேக்கர். அவர் 1984 முதல் 1986 வரை தொலைக்காட்சியில் அப்பாத்திரத்தை ஏற்றவர். அவருடன் பயணம் செய்பவர் எவலின் சிமைத். 2000ஆம் ஆண்டில் ஒலிநாடகத்திற்கெனவே படைக்கப்பட்ட இப்பாத்திரத்தை மகி ஸ்ரேபிள்ஸ் ஏற்று நடித்தார். இளம்பெண்களே டொக்டரின் துணையாக வருவது தொடரின் பழைய மரபு. எவலினோ ஐம்பத்தைந்து வயதான வரலாற்று விரிவுரையாளர். சொக்கலேற் கேக்கில் விருப்பமுள்ளவர். டொக்டரின் தற்பெருமையைக் கண்டவிடத்தே கண்டிப்பவர். மாணவர்களையும் பரீட்சைத்தாள்களையும் அறிந்த அப்பெண்மணியின் இயல்பான மனிதநேயம் இந்நாடகத்தில் முக்கிய இடம் பெறுகின்றது.

காட்டேரி உருவகத்தின் வரலாறு

'இரத்தக் காட்டேரி' என நாம் வழங்கும் சொல் பற்றி ஒரு குறிப்பு அவசியம். எமது நாட்டார் வழக்கில் காட்டேரி கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் தீண்டும் பேயாகவும், சில இடங்களிற் படையல் ஏற்கும் சிறுதெய்வமாகவும் கருதப்படுகின்றது. ஐரோப்பியக் காட்டேரியோ இறந்த மனிதன். புதைகுழியிலிருந்து எழுந்து உயிருள்ளோரின் இரத்தத்தால் வாழ்பவன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கிழக்கு ஐரோப்பியச் செய்திகளில் இவன் கிராமத்து விவசாயியின் பிணமாகவே காணப்பட்டான். 1819இல் பொலிடோரி எழுதிய ஆங்கிலக் கதையிலே அவன் பிரபுவாகின்றான். 1897இல் பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' அப்பிரபுவுக்குக் கோட்டையையும், லண்டனில் வீடு வாங்கும் பண வலிமையையும் கொடுத்தது. இடையில் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற் பாகத்திலே, வேலைநாள் பற்றிய பகுதியில், கார்ல் மார்க்ஸ் மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் காட்டேரிக்கு ஒப்பிட்டார். இவ்வாறு இரத்தம் குடிக்கும் பிணம், உழைக்காது வாழும் வர்க்கத்தின் உருவகமாக நிலைபெற்றது.

'டொக்டர் ஹூ' தொடர் இவ்வுருவகத்தைக் கையாண்ட வரலாற்றில் மூன்று படிகளை நாம் இனங்காணலாம்.

முதலாவது, 1980ஆம் ஆண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில் ஒளிபரப்பாகிய, ரெறன்ஸ் டிக்ஸ் எழுதிய 'ஸ்ரேற் ஒப் டிகே'. அதில் ஒரு கோபுரத்திலிருந்து மூன்று பிரபுக்கள் கிராமமொன்றை ஆள்கின்றனர். விளைச்சலையும் இளைஞர்களையும் அவர்கள் திறையாகக் கொள்கின்றனர்; மக்கள் கல்வி கற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அக்கோபுரம் உண்மையில் பூமியிலிருந்து வந்த பழைய விண்கலம். பிரபுக்கள் அக்கலத்தின் அதிகாரிகள். அறிவை மறைத்து வைத்தே அவர்கள் ஆட்சியை நிலைநிறுத்துகின்றனர். இறுதியில் அக்கலத்தின் ஒரு பகுதியே மேலெழுந்து, நிலத்தடியில் கிடக்கும் பெருங்காட்டேரியின் இதயத்தில் ஆப்பாகப் பாய்கின்றது. மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட விஞ்ஞானம் மக்களை விடுவிக்கும் கருவியாகின்றது என்பதே இதன் செய்தி.

இரண்டாவது, 1989இல் ஒளிபரப்பாகிய, இயன் பிறிக்ஸ் எழுதிய 'தி கேர்ஸ் ஒப் பென்றிக்'. இரண்டாம் உலகப் போர்க்கால ஆங்கிலேயக் கடற்படைத் தளமொன்றில் இது நிகழ்கின்றது. இங்கு வரும் குருதியுண்ணிகள், இரசாயனக் கழிவுகளால் நஞ்சாகிப்போன எதிர்கால உலகின் மனிதர்கள். அவர்களை விலக்கி நிறுத்துவது சிலுவை என்னும் பொருளன்று. நம்பிக்கை என்னும் உளவலிமையாகும். ஜெர்மன் நகரங்கள்மீது தம் நாட்டினர் குண்டுவீசுவதை அறிந்த மதகுரு தம் நம்பிக்கையை இழந்து மடிகின்றார். சோவியத் தளபதி ஒருவரோ புரட்சியின்மீது கொண்ட பற்றினால், செந்நட்சத்திரச் சின்னத்தைக் கையிலேந்தி அவர்களை விலக்கி நிறுத்துகின்றார். பிரித்தானிய அதிகாரி நச்சுப்பொருளை ஆயுதமாக்கித் தம் நேச நாட்டினருக்கே அனுப்பத் திட்டமிடுகின்றார். விஞ்ஞானம் இங்கு ஐயத்திற்குரியதாகிவிட்டது. எனினும் மனிதரின் நம்பிக்கை இன்னும் எஞ்சியிருக்கின்றது.

மூன்றாவது படியே 'அந்தித் திட்டம்'.

நாடகத்தின் கதை

கதை தென்லண்டனில், 'தி டஸ்க்' என்னும் சூதாட்ட விடுதியில் நிகழ்கின்றது. அதனை நடத்துபவர்கள் அமீலியா டோறி, றெஜி மீட் என்னும் இருவர். இவர்கள் காட்டேரிகள். எனினும் பழங்கதைகளில் வருவதுபோல் தொல்பழங்காலச் சாபத்தினால் தோன்றியவர்களல்லர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் 'போர்ஜ்', அதாவது 'உலைக்களம்', என்னும் பிரித்தானிய இரகசிய நிறுவனம், வெல்லமுடியாத படைவீரர்களை உருவாக்க மனிதர்கள்மீது பரிசோதனை நடத்திற்று. அத்திட்டத்தின் பெயரே நாடகத்தின் தலைப்பு. அமீலியா அப்பரிசோதனைக்கு இரையானவர்களுள் ஒருத்தி.

அவர்களை வேட்டையாடி வருபவன் நிம்ரொட். விவிலியத்தில் வரும் வேட்டைக்காரனின் பெயர் அது. இவன் வேறு யாருமல்லன். அப்பரிசோதனைகளை நடத்திய வைத்தியர் அபர்ற்றனே. தப்பியோடிய தன் படைப்புக்களால் காயமுற்று, உயிர்பிழைப்பதற்காகத் தன் மருந்தைத் தானே ஏற்றிக்கொண்டவன். தான் உருவாக்கியவர்களைத் தானே அழித்துத் தடயம் நீக்குவது அவனது பணி.

அமீலியா டொக்டரிடம் ஓர் உதவி கோருகின்றாள். தமது நிலைக்கு மாற்று மருந்து காணவேண்டும் என்பதே அது. துன்புற்றவர் உதவி கேட்கும்போது மறுப்பது டொக்டரின் இயல்பன்று. அவர் ஆய்வுகூடத்தில் இறங்குகின்றார். ஆயின் அவருடைய அறிவின் பயனை, நோயைத் தீர்ப்பதற்கன்றி மனிதரிடையே பரப்புவதற்கு அமீலியா பயன்படுத்த முனைகின்றாள். இதற்கிடையில், விடுதியில் வேலைசெய்யும் கசி என்னும் இளந்தாய் காட்டேரியாக்கப்படுகின்றாள். தன் சிறுமகனை வளர்ப்பதற்காக இராவேலை செய்யவந்தவள் அவள். அமீலியாவின் திட்டம் முறியடிக்கப்படுகின்றது. ஆனாற் கசியை மீட்க டொக்டரால் இயலவில்லை. நோர்வேயில் ஒதுக்கமான ஓரிடத்தில் அவளை விட்டுவிட்டு, மருந்தோடு திரும்பி வருவதாக வாக்களிக்க மட்டுமே அவரால் முடிகின்றது.

அரசும் ஆய்வுகூடமும்

இக்கதையமைப்பின் முக்கியத்துவம் எங்குள்ளது? 1980இன் காட்டேரி மக்களிடமிருந்து விஞ்ஞானத்தை மறைத்தது. 2001இன் காட்டேரியை விஞ்ஞானமே ஆக்கிற்று. அதற்கான கட்டளையை அரசின் போர்த்தேவை பிறப்பித்தது. நிலப்பிரபுவின் இடத்தை அரசின் இரகசியத் திணைக்களம் எடுத்துக்கொண்டது. ஒரு கிராமத்தின் இரத்தத்தை உறிஞ்சியவன் கோட்டையில் வாழ்ந்தான். அவனை யாவரும் அறிவர். தேசத்தின் பெயரால் உறிஞ்சுவோர் யாரென்று அறிய வழியில்லை.

இது வெறும் கற்பனை எனத் தள்ளத்தக்கதன்று. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மன் படையினர் குளோரின் வாயுவைப் பெருமளவில் ஏவினர். அதனைத் தொடர்ந்து 1916இல் பிரித்தானிய அரசு வில்ற்சயரில் போர்ற்றன் டவுன் ஆய்வு நிலையத்தை அமைத்தது. அங்கு பல்லாயிரம் படைவீரர்கள் பல தசாப்தங்களாகப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி, றொனால்ட் மடிசன் என்னும் 20 வயது விமானப்படை வீரரின் கையில் சரின் என்னும் நரம்பு நஞ்சு துளித்துளியாக விடப்பட்டது. அவர் அன்றே இறந்தார். இரகசியமாக நடத்தப்பட்ட மரண விசாரணை அதனைத் தற்செயலாக நேர்ந்த மரணமெனக் கூறி முடித்தது. அம்முடிவு 2002இல் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு நவம்பரில், சட்டவிரோதக் கொலையே நிகழ்ந்ததென யூரிமார் தீர்ப்பளித்தனர். ஐம்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்நிகழ்ச்சியை மனத்திற்கொண்டே நாடகாசிரியர்கள் எழுதினர் என நாம் கூறவரவில்லை. நாட்டுப் பாதுகாப்பு என்னும் பெயரால் மனித உடல் மூலப்பொருளாக்கப்பட்டதும், அவ்வுண்மை மூடிவைக்கப்பட்டதும் வரலாறாக இருந்தன. அவ்வரலாறு ஈந்த அச்சமே நிம்ரொட் என்னும் உருவைப் பெற்றது என்பதே எமது கருத்து. பழைய காட்டேரிக் கதைகளின் முதன்மையான அச்சம், இறந்தவன் எழுந்துவருவான் என்பது. இங்கோ கோவையில் மூடப்பட்ட குற்றம் எழுந்துவருகின்றது.

பாதிக்கப்பட்டவர்களைத் தூயவர்களாகக் காட்டாமையும் நாடகத்தின் வலிமைகளுள் ஒன்றாகும். அமீலியாவுக்கு இழைக்கப்பட்டது பெருங்கொடுமை. அதனை நாம் மறுக்கவியலாது. அதே அமீலியா பிறரைத் தன் நிலைக்கு ஆளாக்கத் துணிகின்றாள். கொடுமைக்கு ஆளானோர் கொடுமையின் முறையையே கற்றுக்கொள்ளும் நிலை, அடக்குமுறையின் மிகக் கசப்பான விளைவாகும். அதனை இந்நாடகம் சமாதானம் கூறாது முன்வைக்கின்றது.

ஒலியின் பங்கு

இக்கதை ஒலிநாடகமாக அமைந்தமை பற்றியும் சிந்தித்தல் வேண்டும். காட்டேரிக்கும் ஒலிநாடகத்திற்கும் பழைய உறவுண்டு. ஓர்சன் வெல்ஸ் 1938ஆம் ஆண்டு யூலை 11ஆம் திகதி அமெரிக்க வானொலியில் தம் நாடக வரிசையைத் 'டிராகுலா'வோடுதான் தொடங்கினார். செவ்வாய்க்கிரகவாசிகளின் படையெடுப்புப் பற்றிய அவரது புகழ்பெற்ற ஒலிபரப்பு அதன் பின்னரே, அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி நிகழ்ந்தது.

திரையில் காட்டேரியைக் காண்பவர் கோரைப் பல்லையும் ஒப்பனையையும் கண்டு, 'இது நடிப்பு' என ஆறுதல் கொள்ளலாம். 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் செலவுச் சுருக்கத்தால் அமைந்த அட்டைச் சுவர்களும் இறப்பர் உருவங்களும் அவ்வாறுதலைத் தாராளமாகவே அளித்தன. அத்தொடரின் களிப்பான தொனிக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். ஒலிநாடகத்தில் அவ்வாறுதல் இல்லை. ஓசையைக் கேட்டு உருவத்தை ஆக்குபவர் கேட்பவரே. அவர் எதற்கு அஞ்சுகின்றாரோ அதுவே உருவாகின்றது. வானொலி நாடகத்தோடு வளர்ந்த எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. மனிதருக்கும் காட்டேரிக்கும் இடையே ஒலியில் வேறுபாடு காட்டுவது கடினம். மாற்றமடைந்த பின்னரும் கசியின் குரல் கசியின் குரலாகவே ஒலிக்கின்றது. எனவே, 'இவள் இனி மனுஷியல்லள்' என்று நாம் எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை. எவலினால் அவளைக் கைவிட முடியாமைக்கும், அவ்வுணர்வில் நாமும் பங்குகொள்வதற்கும் இதுவே துணைசெய்கின்றது.

நாயகனின் தோல்வி

தொடரின் மரபில், டொக்டரின் அறிவு ஐயத்துக்கிடமின்றி நன்மைக்கே உதவும். இந்நாடகத்தில் அவ்வறிவு பிறர் கைக்குச் சென்றதும் ஆயுதமாகின்றது. தம் ஆய்வின் பயனை எவர் எதற்குப் பயன்படுத்துவர் என்று கேளாமல் ஆய்வில் மூழ்குவது நல்லெண்ணமுள்ள அறிஞருக்கும் நேரக்கூடியதே. அவ்வகையில் டொக்டரும் அபர்ற்றனும் ஒருவரல்லர். எனினும் ஒரே ஆய்வுமேசையின் இரு பக்கங்களில் அவர்கள் நிற்கின்றனர். ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டோர் இவ்விடத்தைக் கவனத்தோடு கேட்டல் நன்று.

அடுத்த வாரக் கதையில் சென்ற வாரத் துயரம் மறக்கப்படுவதும் இத்தகைய தொடர்களின் பொது இயல்பு. கசியின் கதை அவ்வாறு மறக்கப்படவில்லை. 2003இல் வெளிவந்த 'புறொஜெக்ற் லசறஸ்' நாடகத்தில் டொக்டர் தம் வாக்குறுதியின்படி மருந்தோடு திரும்புகின்றார். காலம் கடந்துவிட்டது. கசி நிம்ரொட்டின் பிடியில் அகப்பட்டு, 'ஆர்ட்டெமிஸ்' என்னும் புதுப்பெயரோடு உலைக்களத்தின் ஏவலாளாக மாற்றப்பட்டிருக்கின்றாள். எவலின் அவளுக்கு அவளுடைய மகனை நினைவூட்டுகின்றார், நினைவு மீள்கின்றது, மீண்ட நிலையில் நிம்ரொட்டின் கையால் அவள் மடிகின்றாள். அரசின் கருவியாக்கப்பட்ட ஒருத்தியை மீண்டும் மனுஷியாக்கியது மருந்தன்று. வரலாற்று விரிவுரையாளர் ஒருவர் அவளுக்கு அவளது கடந்தகாலத்தை எடுத்துரைத்தமையே.

அம்மகன் தோமஸ் ஸ்கொபீல்ட், 2004இல் தொடங்கிய வேறொரு நாடகத் தொடர்ச்சியில் 'ஹெக்ஸ்' என்னும் பெயருடைய ஆண் தாதியாக டொக்டரோடு பயணம் செய்கின்றான். தன் தாய்க்கு நேர்ந்தது அவனுக்குத் தெரியாது. டொக்டர் அறிந்தும் கூறவில்லை. 2010இல் வெளிவந்த 'புறொஜெக்ற் டெஸ்ரினி' நாடகத்திலேயே உண்மை வெளியாகின்றது. அரசு மறைத்ததைக் கண்டித்த நாயகன் தானும் மறைத்தான் என்பது தெரியவருகின்றது. இரக்கத்தினாற் செய்யப்படும் மறைப்பும், அதனால் உரிமை இழப்பவருக்கு மறைப்பே ஆகும். ஒன்பது ஆண்டுகள் நீண்ட இப்பொறுப்புக் கணக்கு, பொழுதுபோக்குத் தொடரொன்றில் அரிதாகவே காணப்படுவது.

குறைபாடுகள்

இவ்வளவும் கூறியபின் நாடகத்தின் எல்லைகளையும் குறிப்பிடுவது எமது கடனாகும். உலைக்களம் அரசின் நிறுவனம் எனக் கூறப்பட்டபோதும், அதற்கு நிதி ஒதுக்கியோர் யாவர், பாராளுமன்றம் என்ன செய்தது, செய்தித்தாள்கள் ஏன் மௌனமாயிருந்தன என்பன எழுப்பப்படவில்லை. அமைப்பின் குற்றம் பெரும்பாலும் நிம்ரொட் என்னும் தனியொருவனின் கொடூரத்திற் குவிக்கப்படுகின்றது. இதனால், அவனை வென்றால் தீமை நீங்கும் என்ற எளிய முடிவுக்குக் கேட்பவர் செல்லக்கூடும். போர்ற்றன் டவுனில் பணியாற்றியோரோ அரக்கர்களல்லர். சம்பளம் பெற்று, கட்டளைப்படி கடமை செய்த சாதாரண அலுவலர்களே. உண்மையின் இப்பக்கம் கற்பனையிலும் அச்சந்தருவது. நாடகம் அதனைத் தொடவில்லை.

அதேபோல், 1980ஆம் ஆண்டின் கதையில் கிராம மக்கள் எதிர்ப்பில் பங்குகொண்டனர். 2001இல் லண்டன் மாநகரின் மக்கள் கதைக்கு வெளியே நிற்கின்றனர். தனித்த மனிதர்கள், இரகசிய நிறுவனம், இவற்றிடையே கையறுநிலை என்பதே காட்சி. இருண்மை மட்டுமே முதிர்ச்சியின் அடையாளமாகாது. கூட்டுச் செயற்பாட்டைக் கற்பனை செய்ய இயலாத ஒரு காலத்தின் சோர்வும் இவ்விருண்மையிற் கலந்துள்ளது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

முடிவாக

காட்டேரி என்னும் உருவகம் கிராமத்துப் பிணமாகத் தோன்றி, பிரபுவாகி, மூலதனமாகி, இறுதியில் அரசின் ஆய்வுகூடத்தை வந்தடைந்த வரலாற்றில் 'அந்தித் திட்டம்' ஒரு குறிப்பிடத்தக்க கட்டமாகும். களிப்பான தொடரொன்றின் நடுவில் அது அமைந்தமையே அதன் வலிமைக்குக் காரணம். எப்போதும் வெல்பவரென நாம் நம்பும் ஒருவர் இங்கு தோற்கும்போது, அறிவுக்கும் நன்மைக்கும் இடையே தானாக அமைந்த பிணைப்பு எதுவும் இல்லை என்பதை உணர்கின்றோம். அப்பிணைப்பைச் சமூகமே ஏற்படுத்துதல் வேண்டும். ஆய்வுகூடத்தின் கதவு மக்களுக்குத் திறந்திருக்கின்றதா, அங்கு இறந்தோரின் பெயர்கள் பதியப்படுகின்றனவா, அவர்களின் பிள்ளைகளுக்கு உண்மை கூறப்படுகின்றதா என்னும் வினாக்களை எழுப்புவதே அதற்கான முதற்படியாகும்.